சொல்லும் செவியும்

புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பத்து ஆறு கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து அமைந்திருக்கும் வீராம்பட்டினத்தை அறியாத புதுவைவாசி இருக்கமாட்டார். ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேர் புறப்படும்போது, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த வழக்கம், ஆட்சி மாறிய பின்னும் மாறாமல், துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் பிடிக்கும் வழக்கமாக இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஊரை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் காசாலும் மண்ணை அகழ்ந்து, ரோமாபுரியோடு நடந்த வாணிபத்தின் சின்னங்களை வெளிக்கொணர்ந்த பிறகு, உலகச் சரித்திரத்திலும் இந்தக் கரைக்கு ஓர் இடம் கிடைத்தது. தேரைப் பற்றியும் பழம்பொருளைப் பற்றியும் எழுதியவர்கள் பலர் உண்டு. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வேலை பார்க்கிறவர்களுக்கும் இன்று இன்றியமையாதவை என்று எங்கும் பேசப்படும் மென்திறன்கள் என்ற விஷயத்தை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு, இதே ஊரில் 1998-ஐ ஒட்டித் தொடங்கிய, அவ்வளவாக விளம்பரம் பெறாத ஒரு காரியமே சிறந்த திருஷ்டாந்தம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியோடு, புதுவைக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவத் தொடங்கிற்று. வில்லியனூரைத் தலைமை இடமாகக் கொண்டு, எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், நல்லவாடு முதலிய ஊர்களில் ஒரு பொது இடத்தில் கணிப்பொறியை வைத்து, தொலைபேசி சரியாக எட்டாத ஊர்களுக்கு வானொலி அலைகளின் வழியாகச் செய்தி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார்கள். மையம் எந்த ஊரில் அமைந்தாலும் சாதி வித்தியாசமின்றி எல்லாரும் உள்ளே வரும் இடமாக அது இருக்கவேண்டும் என்பதும், அதை நடத்தும் தொண்டர்களை ஊராரே தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதும், அவர்களில் பெண்கள் கணிசமாக இருக்கவேண்டும் என்பதும் அவர்கள் விதித்த நிபந்தனைகள். கணிப்பொறியை இறக்குவதற்கு முன்பே, ஜனங்களுக்கு எந்தச் செய்தி தேவை, இப்போது அவர்கள் செய்தியை யாரிடமிருந்து பெறுகிறார்கள் என்பதை வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். உழவர் ஊர்களில் நெல் விலையும் அரசாங்க உதவித் திட்டங்களும் வேண்டும் என்றார்கள். வீராம்பட்டினத்துக் கடல் தொழிலாளருக்கோ, கடலுக்குப் போவதா வேண்டாமா என்று விடியுமுன் முடிவு செய்ய உதவும் செய்திதான் வேண்டியிருந்தது. ஆகவே அமெரிக்கக் கடற்படையார் இணையத்தில் வெளியிட்டு வந்த அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, கரையிலிருந்து கேட்கும்படி ஒலிபெருக்கியில் சொல்லும் பழக்கம் அங்கே ஏற்பட்டது. உலகத்தின் மறுகோடியில் போர்க்கப்பல்களுக்காகத் தயாரான ஒரு கணக்கு, படகில் வலையை ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் காதில் வந்து விழுந்தது.

இந்தக் காரியத்தில் கணிப்பொறி செய்த வேலை பாதிதான். மற்றப் பாதியை நெருங்கிப் பார்க்கவேண்டும். பத்தாம் வகுப்போ அதற்குச் சற்றுக் கூடவோ குறையவோ படித்த ஓர் ஊர்ப்பெண் திரையின் முன் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அலையின் உயரம் மீட்டரிலும் அதன் பின்னமாகவும் ஆங்கிலத்தில் நிற்கிறது. கேட்கப்போகிறவரோ கடலின் ஆழத்தைப் பாகத்தில் அளந்து பழகியவர். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி அழைப்பவர். திரையில் இருக்கும் எண்ணைவிடத் தம் தோலில் படும் காற்றை அதிகமாக நம்புகிறவர். அவளுக்கு வயதில் தகப்பனார் ஸ்தானத்தில் இருப்பவர். கடலைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஆயிரம் விஷயம் தெரிந்தவர். அவருக்குப் போய் அவள் கடலைப் பற்றிச் சொல்லவேண்டும். “பெரியப்பா, நாளைக்கு விடியக்காலையிலேர்ந்து அலை ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும்னு வந்திருக்கு” என்கிறாள். “காத்து எந்தப் பக்கம்மா? எத்தனை நாழி நிக்கும்?” என்று அவர் கேட்கிறார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட அங்கே ஆசை எழும். சொன்னால் அவர் உயிர் போகும். “அது இதிலே இல்லை பெரியப்பா, வில்லியனூருக்குக் கேட்டுச் சொல்றேன்” என்கிறாள்.

இந்தச் சிறிய சம்பாஷணையில் எத்தனை திறமைகள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். எண்ணைப் பொருளாக மாற்றுகிற அறிவு, கேட்பவர் யார் என்பதை உணர்ந்து அவருடைய அளவுகோலில் பேசுகிற விவேகம், வயதுக்கு உரிய மரியாதை குறையாமல் உண்மையைச் சொல்லுகிற தைரியம், எதிர்க் கேள்வியைப் பொறுமையாகக் கேட்கிற நிதானம், தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை, கேட்டுச் சொல்வதாகச் சொன்னதைத் தவறாமல் கேட்டுச் சொல்லும் பொறுப்பு ஆகிய இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இன்று மென்திறன்கள் என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயர் பிறந்த இடம் அமெரிக்க ராணுவம். அங்கே பயிற்சிமுறைகளை வகுத்தவர்கள், 1970-களின் தொடக்கத்தில், பீரங்கியையும் வண்டியையும் இயக்கும் திறமையை ஒரு வகையாகவும் மனிதர்களோடு பழகி அவர்களை நடத்தும் திறமையை மற்றொரு வகையாகவும் பிரித்து, பின்னதைக் குறிக்க இந்தச் சொல்லை வழங்கினார்கள். பிறகு 1990-களில் உலகச் சுகாதார ஸ்தாபனம், பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டிய வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைத் தொகுத்துத் தந்தது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், முடிவெடுத்தல், மனநெருக்கடியைத் தாங்குதல், நன்கு பேசிக் கருத்தை உணர்த்துதல் முதலியவை அதில் அடக்கம்.

பத்தும் வேண்டியவைதாம். ஆனாலும் அந்தப் பத்துக்கும் வேராக நிற்பது ஒன்றுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்: எதிரே இருப்பவரைக் கேட்டறிந்து, அவர் கொள்ளும்படி சொல்லுதல். கேட்கத் தெரியாதவனுக்குப் பிறர் நிலை புரியாது. பிறர் நிலை புரியாதவன் கூட்டாக வேலை செய்ய இயலாது. தன்னைப் பற்றிப் பிறர் சொல்வதைக் காதில் வாங்காதவன் தன்னையும் அறியமாட்டான். திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தபடியாகக் கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்ததும், சொல்வன்மைக்கு ஒன்றும் அவையறிதலுக்கு ஒன்றுமாகத் தனித்தனியே அதிகாரங்கள் வகுத்ததும் இந்தச் சம்பந்தத்தை அவர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தார் என்பதைக் காட்டும்.

சொல் கேட்பவர் நெஞ்சில் ஏறுவதற்கு நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கை ஒரே நாளில் சம்பாதிக்கக்கூடியதன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் நடந்ததை நினைத்துப் பார்க்கவேண்டும். வீராம்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள நல்லவாட்டைச் சேர்ந்தவரும், அந்த ஊர் அறிவு மையத்தில் முன்பு தொண்டராக இருந்தவருமான ஓர் இளைஞர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுமத்திரா அருகே ஏற்பட்ட பூகம்பத்தைப் பற்றிய செய்தியை அங்கே தொலைக்காட்சியில் கண்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல்நீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டார் சொன்னார்கள். உடனே ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார் அவர். அறிவு மையத்தின் கதவு பூட்டியிருந்தது. அதை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் நாசமாயின; ஆனால் சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. தொலைபேசியும் ஒலிபெருக்கியும் அன்று உதவின என்பது மெய். அதைவிடப் பெரிய மெய் ஒன்று உண்டு. சுனாமி என்ற சொல்லையே அதற்கு முன் கேட்டிராத ஜனங்கள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில், காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் வீட்டை விட்டு ஓடினார்கள் என்றால், அந்த ஒலிபெருக்கி பல ஆண்டுகளாக நாள்தோறும் அவர்களுக்குப் பயனுள்ளதையே சொல்லிவந்திருந்தது என்பதுதான் அதற்குக் காரணமாக இருக்கவேண்டும். தவறான சங்கதியையும் வீண் ஆரவாரத்தையும் அது பரப்பியிருந்தால், அன்றைய கூக்குரலையும் அப்படியே எண்ணி அசட்டை செய்திருப்பார்கள்.

வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் நிலையும் இதுவே. அவர் முக்கியமான ஒன்றைச் சொல்லும் தினத்தில் பிள்ளைகள் செவிகொடுக்க வேண்டுமானால், மற்றத் தினங்களில் அவர் பிள்ளைகளுக்குச் செவிகொடுத்தவராக இருக்கவேண்டும். ஆசிரியருக்கு உரிய பாட அறிவு வேறு, அதைக் கொடுக்கும் பண்பு வேறு என்ற உண்மையை நம் முன்னோர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வகுத்து வைத்திருக்கிறார்கள். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், ஆசிரியராக இருக்கத் தகாதவருக்கு நான்கு உவமைகள் சொல்கிறது. கழற்காய் இட்டு வைத்த குடத்தைக் கவிழ்த்தால் காய்கள் போட்ட முறையில் வராமல் தாறுமாறாக விழுவதுபோல, தாம் கற்ற ஒழுங்கில் சொல்லத் தெரியாமல் முன்பின் மாற்றிக் கொட்டுகிறவர் ஒருவர். கருக்கு மட்டை சூழ்ந்த பனைமரம் தன்னை அணுகவிடாமல், பழம் தானாக விழும்போது மட்டும் தருவதுபோல, மாணவரைக் கிட்டே வரவிடாதவர் ஒருவர். வாய் குறுகிய குண்டிகையில் அடைத்த பஞ்சைப்போல, தாம் வாங்கியதும் வருந்தி வாங்கி, கொடுப்பதும் சிறிது சிறிதாக வருந்திக் கொடுப்பவர் ஒருவர். ஒருவன் தண்ணீர் வார்க்க, வேலிக்கு வெளியே வளைந்து அயலானுக்குக் காய் தரும் முடத்தெங்குபோல, தம்மை அண்டியவருக்குப் பயன்படாதவர் ஒருவர். இந்த நால்வரில் யாருக்கும் புலமை இல்லை என்று பவணந்தியார் சொல்லவில்லை. புலமை பிறரிடம் போய்ச் சேரும் வழிதான் அவர்களிடம் அடைபட்டுக் கிடக்கிறது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் இந்த நான்கு உவமைகளையும் இலக்கணத் தேர்வுக்காக மனப்பாடம் செய்விப்பதோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொருவரும் தம்மில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும்படி செய்தால், அயல்நாட்டு நூல்கள் பல சொல்வதை இந்த ஒரு பக்கமே சொல்லிவிடும்.

அயல்நாட்டு ஆராய்ச்சிகளில் நம் ஆசிரியர்கள் கட்டாயம் அறியவேண்டியது ஒன்று இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியியல் அறிஞர், 1970-களில், வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை வைத்துக்கொண்டு, ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்து பார்த்தார். பெரும்பாலும் 1 விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையைக் கேட்பார்கள், அல்லது தாமே சொல்லிவிடுவார்கள். அந்த இடைவெளியை 3 விநாடிக்கு நீட்டியபோது, பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. தெரியாது என்ற பதில் குறைந்தது. மந்தம் என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகள்கூடக் கையை உயர்த்தினார்கள். இதற்குப் பணம் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம், அரசாணைகூட வேண்டாம். வீட்டில் வேறு வழக்கில் பேசி வளர்ந்து, புத்தகத் தமிழைத் தேடிப் பிடித்துப் பதில் சொல்லவேண்டிய ஒரு கடலோரப் பிள்ளைக்கு அந்த இரண்டு விநாடி எவ்வளவு பெரிய தருமம் என்பதை, கடலோரப் பள்ளியில் வேலை பார்த்த எந்த உபாத்தியாயரும் அறிவார்.

மாணவர்களைப் பற்றியும் நன்னூலார் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் சொல்வதைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்கு வந்து சேருவது கால் பங்குதான். உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு கிடைக்கும். மிச்சமுள்ள அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்வதால்தான் கைவரும் என்பது அவர் கருத்து. இந்தக் கணக்கை நம் இக்காலப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் மனம் வருந்தும். முதல் கால் பங்குக்கே எல்லாப் பாடவேளையையும் கொடுத்துவிட்டு, பக்கத்துப் பிள்ளையோடு பேசுவதைக் குற்றமாக்கி, பிறருக்கு எடுத்துச் சொல்லும் சந்தர்ப்பத்தை ஆண்டுவிழா மேடையில் பேசும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு மட்டும் தந்துவிட்டு, கல்லூரியின் கடைசி ஆண்டில், வேலைக்கு ஆள் எடுக்க நிறுவனத்தார் வருவதற்குச் சில வாரங்கள் முன்பாக, மென்திறன் வகுப்பு என்று ஒன்றை அவசர அவசரமாக நடத்துகிறோம். இருபது வயது வரையில் வாயைத் திறக்காதே என்று வளர்த்த பிள்ளையிடம் இருபத்தோராம் வயதில் தயங்காமல் பேசு என்றால் அவன் என்ன செய்வான்?

அந்த வகுப்புகளில் நடப்பதைப் பார்த்தால் இன்னொரு கவலையும் உண்டாகிறது. நுனிநாக்கு ஆங்கிலத்தையே மென்திறன் என்று எண்ணும் ஒரு மயக்கம் நாட்டில் பரவியிருக்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பிரயோஜனமான மொழி, அதைச் செவ்வையாகக் கற்பிக்கவேண்டியது பள்ளியின் கடமை. ஆனால் மொழியறிவும் மனிதரோடு பழகும் அறிவும் ஒன்றாகிவிடா. வீராம்பட்டினத்து இளைஞன் ஒருவன், பன்னிரண்டு வயதிலிருந்து தகப்பனாரோடும் மாமனோடும் படகில் போய், இருட்டில் சொல்லாமலே குறிப்பறிந்து வலையை இழுத்து, வலை அறுந்த நாளில் ஆத்திரப்படாமல் மறுநாளுக்குத் தயாராகி, கிடைத்த மீனில் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கும்போது தகராறு வராமல் ஒத்துப்போகப் பழகியிருக்கிறான். கூட்டாக வேலை செய்தல், நெருக்கடியில் நிதானம், பேசி முடிவு காணுதல் என்று நேர்முகத் தேர்வில் கேட்கிற திறமைகளில் பலவற்றை அவன் கல்லூரிக்கு வருமுன்பே உடையவன். அவற்றுக்குப் பெயர் தெரியாததாலும், தன் ஊர்ப் பேச்சைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சத்தாலும், தனக்கு ஒன்றுமே தெரியாது என்று நம்பிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். உனக்குத் தெரியும், நீ செய்ததையே சொல் என்று அவனிடம் சொல்லுகிற ஓர் ஆசிரியர் அவனுக்கு வேண்டும். அப்படி ஒருவர் வாய்த்தால் மற்றதை அவனே பார்த்துக்கொள்வான்.

இனி, வேலை செய்யுமிடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அங்கே கீழே இருப்பவர் சொல்லத் துணிவதும், மேலே இருப்பவர் கேட்க இசைவதும் உயிரைக் காக்கும் காரியங்கள் என்பதற்கு உலகமறிந்த சாட்சி ஒன்று உண்டு. 1977 மார்ச் 27-ஆம் நாள், கானரித் தீவுகளில் டெனெரீஃப் விமான நிலையத்தில், மூடுபனி கவிந்திருந்த ஓடுபாதையில், இரண்டு பெரிய விமானங்கள் ஒன்றோடொன்று மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானம் பாதையில் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்க, மற்றது புறப்பட்டுவிட்டது. புறப்பட்ட விமானத்தின் பொறியாளர், முன்னால் இருக்கும் விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்டார். விமானி தம் கம்பெனியில் பயிற்சித் துறைக்கே தலைவராக இருந்த மூத்தவர். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. எந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை. இத்தகைய விபத்துகளை ஆராய்ந்த பின், 1979-இல் நாசா கூட்டிய ஒரு கருத்தரங்கிலிருந்து, விமானக் குழுவினர் பதவி வித்தியாசம் பாராமல் ஒருவருக்கொருவர் எச்சரிக்கவும், தலைமை விமானி அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் பழக்கும் ஒரு பயிற்சிமுறை உருவாகி, இன்று உலகம் முழுவதும் விமானிகளுக்குக் கட்டாயமாகியிருக்கிறது. அறுவைச் சிகிச்சை அறைகளிலும் அந்தப் பயிற்சியைப் பின்பற்றுகிறார்கள். மென்மையான திறமை என்று பெயர் வைத்ததால் அது இல்லாமலும் காலம் தள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

புதுவைக்கு இது அயல் சங்கதியும் அன்று. 1936-இல் இங்குள்ள பஞ்சாலைத் தொழிலாளர்கள், வ. சுப்பையாவின் தலைமையில், எட்டு மணி நேர வேலை வேண்டும், சங்கம் வைக்கும் உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதற்குச் செவிகொடுத்துப் பேசி முடிக்கவேண்டியவர்கள் பேசாமல் போனதன் விளைவாக, ஜூலை 30-ஆம் நாள் சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 தொழிலாளர்கள் உயிர் துறந்தார்கள். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. சட்டமாவதற்குத் தகுந்த ஒரு கோரிக்கையைக் காதில் வாங்குவதற்குப் பன்னிரண்டு உயிர்களா விலை? ஒரு தொழிற்சாலையையோ காரியாலயத்தையோ நடத்துகிறவர்களுக்கு முதலாவதாக வேண்டிய திறமை எது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த ஜூலை 30-ஐத்தான் நான் சுட்டிக்காட்டுவேன்.

வீராம்பட்டினத்துக்கே திரும்பி, மகிழ்ச்சி தராத ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. சோழமண்டலக் கரையில் உள்ள மீனவ ஊர்கள் எல்லாவற்றிலும் ஊர்ப் பஞ்சாயத்து என்ற பழைய ஏற்பாடு உண்டு. கடலில் வலை சிக்கிக்கொண்ட தகராறு, பங்குத் தகராறு, குடும்பத் தகராறு ஆகியவற்றை ஊர்ப் பெரியவர்கள் கூடி, இரு தரப்பையும் கேட்டு, தீர்ப்புச் சொல்வார்கள். சர்க்காரின் சட்டம் எட்டாத நடுக்கடலில் ஒழுங்கு நிலைத்திருப்பது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டினால்தான். அப்படியிருந்தும், 2021 ஆகஸ்டு மாதத்தில், சுருக்குமடி வலையைப் பயன்படுத்துவது சம்பந்தமாக வீராம்பட்டினத்தாருக்கும் நல்லவாட்டாருக்கும் மோதல் மூண்டு, போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டுக் கூட்டத்தைக் கலைக்கும் அளவுக்குப் போய்விட்டது. பல லட்சம் ரூபாய் கடன்பட்டு அந்த வலையை வாங்கியவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அது மீன்வளத்தை அடியோடு அரித்துவிடும் என்று அஞ்சுகிற சிறு தொழிலாளருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு ஊரும் ஒரே கடலில் தொழில் செய்பவை. ஒரே திட்டத்தின் கீழ் அறிவு மையம் பெற்றவை. ஒரே சுனாமியில் அடிபட்டவை. ஊருக்குள் கேட்கத் தெரிந்த செவி ஊர் எல்லையைத் தாண்டும்போது மூடிக்கொள்கிறது என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. தன்னவரைக் கேட்பது இயல்பாக வருவது. எதிர்க் கட்சிக்காரரைக் கேட்பதுதான் பழகிப் பெறவேண்டிய திறமை. பள்ளிக்கூடத்தில் தொடங்கவேண்டிய பழக்கமும் அதுவே.

ஊர்ப் பஞ்சாயத்தைப் பாராட்டும்போதே அதன் குறையையும் மறைக்கக்கூடாது. அந்தச் சபைகளில் பெண்கள் உட்காருவது வழக்கமில்லை. கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, நகரத்துக் கடைத்தெருவில் விலை பேசி விற்று, கடனை அடைத்து, வீட்டு வரவு செலவு முழுவதையும் நிர்வகிப்பவர்கள் பெண்கள். பேரம் பேசுவதிலும் மனிதர் முகத்தைப் படிப்பதிலும் அவர்களுக்கு இருக்கும் சாமர்த்தியம், வியாபாரக் கல்லூரியில் இரண்டாண்டு படித்தவர்களுக்கும் வராது. அந்தச் சாமர்த்தியத்துக்கு ஊர் முடிவுகளில் இடமில்லாமல் இருப்பது ஊருக்குத்தான் நஷ்டம். அறிவு மையத்தில் பெண் தொண்டர்கள் இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தவர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள் என்று எண்ணுகிறேன். பெண்ணின் பேச்சு ஊர்ப் பொதுவிடத்திலிருந்து எழுந்து, அதைக் கேட்டு ஆண்கள் தங்கள் தொழிலை அமைத்துக்கொண்டது அந்தக் கரையில் ஒரு சிறிய புரட்சிதான்.

இப்போது அலை உயரத்துக்காக அமெரிக்காவை நாடவேண்டியதில்லை. ஐதராபாத்தில் உள்ள நம் நாட்டு மையமே கடலின் நிலையைக் கணித்துச் சொல்கிறது; கைப்பேசிக்கே செய்தி வந்துவிடுகிறது. செய்தி பெருகியிருக்கிறது; ஆனால் அதை எடுத்து, இன்னாருக்கு இது வேண்டும் என்று அறிந்து, அவர் கொள்ளும்படி சொல்லுகிற மனிதரின் தேவை குறைந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் 2022 முதல் நடந்துவரும் ‘நான் முதல்வன்’ போன்ற திறன் வளர்ப்புத் திட்டங்கள் இந்தத் தேவையை அரசாங்கங்களும் உணர்ந்துவிட்டன என்பதற்கு அடையாளம். ஆயினும் திட்டத்துக்காகக் காத்திருக்கவேண்டிய காரியம் இதில் மிகக் குறைவு.

ஆகவே பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்குங்கள். பிள்ளைகளை இருவர் இருவராக ஊருக்குள் அனுப்பி, ஒரு மீன் விற்கும் அம்மாவிடமோ, வலை பின்னும் தாத்தாவிடமோ, தையல்காரரிடமோ, அஞ்சல்காரரிடமோ ஒரு கேள்வி கேட்டு, பதிலை முழுவதும் கேட்டுக்கொண்டு வரச் செய்யுங்கள். கேட்டு வந்ததை வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லவிடுங்கள். அவர்கள் சொல்லும்போது குறுக்கே திருத்தாதீர்கள். சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும். தெரியாததற்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் சொல்ல அவர்கள் பழகட்டும். அடுத்த வாரம் கேட்டுச் சொன்னார்களா என்று மட்டும் நீங்கள் மறவாமல் விசாரியுங்கள். இந்த ஆண்டே இதைத் தொடங்கலாம்.